ஹைட்ரஜன் சீட்டை எங்கே வைப்பது?

சாமி,

நேற்று சாயங்காலம் நீ போனைப் பட்டென்று வைத்துவிட்டாய். நான் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். "அக்கா இணைச்சீருக்கு நிக்கலீன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாங்கம்மா. நீங்க யாரு பக்கம், அதைச் சொல்லுங்க மொதல்ல" என்று கேட்டாய். "சித்த பொறு சாமி" என்றேன். அந்தப் பதில் உனக்குப் பிடிக்கவில்லை. எனக்கே பிடிக்கவில்லை என்றால் உனக்கு எப்படிப் பிடிக்கும்? போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நானும் கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் நடத்தியவள் நான். எதையும் முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும். பொறுமையாகப் படி.

பத்திரிகை அடித்து வந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் என்ன நடந்தது என்பதை உனக்கு யார் யாரோ சொல்லியிருப்பார்கள். நான் சொல்வதையும் கேட்டுக்கொள். சங்ககிரி சம்பந்தி வீட்டார் வந்து போன பிறகு, அப்பா, சித்தப்பா, பெரியத்தை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து எந்தச் சீரை யார் செய்வது என்று பேசினோம். இணைச்சீர் பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பட்டு உடுத்தி, கூறைப்புடவை வைத்த மூங்கில் பேழைமூடியை எடுத்து வந்து, தம்பிக்குப் பக்கத்தில் நிற்க, நம் கல்யாணச் சடங்குகளைச் செய்யும் அருமைக்காரர் நடத்திவைக்கிற சீர். முகூர்த்தத்துக்கு முன்னால் ஊரே பார்க்க நடப்பது. நமக்கு ஒரே பெண் கோகிலா. இதில் பேச என்ன இருக்கிறது என்று நான் காபிக்குப் பால் வைக்க எழுந்தேன். அப்போது பெரியத்தை, "ஏம் புள்ள, கோகிலாவை நிறுத்தலாமா? எதுக்கும் யோசனை பண்ணிக்க" என்றார்.

உன் அத்தையைக் கெட்டவள் என்று நினைக்காதே. கோகிலா தன் கல்யாணத்தைக் கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு வந்த அன்று, வாசலில் வந்து நின்று அவள் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தது அவர்தான். ஆனால் அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு முறை வேண்டும். விரலை மடக்கிக்கொண்டு சொன்னார்: "கண்ணாலம் ஆகாத புள்ள நிக்கலாம். கட்டிக் குடுத்த புள்ள நிக்கலாம். புருசன் போய்ச் சேந்தவ நிக்கறதில்ல. இது இதுல எதுலயும் சேத்தி இல்லியே! அந்தப் பையன் குத்துக்கல்லாட்டம் இருக்கறான். இவளை எதுல கொண்டுபோயி வெக்கறது?" சித்தப்பா தன் மகள் நிற்கட்டும் என்றார். நம் போர்வெல் ரிக் வண்டி ஒடிசாவில் நின்றுபோனால் மட்டும் ஊர் கேட்கக் கத்துகிற உன் அப்பா, அன்றைக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அத்தை சொன்ன மூன்றில் எதில் உன் அக்காவைச் சேர்க்கலாம் என்று மனதுக்குள் தேட ஆரம்பித்துவிட்டேன். அந்த நேரம் கோகிலாதான் காபித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள். "அத்தை, உங்களுக்குச் சக்கரை போடலீங்க" என்றாள். வெளிப்படிக்கட்டில் ஏறி மாடியில் அவள் போர்ஷனுக்குப் போய்விட்டாள்.

நம் வீட்டுச் சீட்டு விளையாட்டு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வருஷம் முழுக்க வந்து குவியும் கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப்போட மனம் இல்லாமல், பின்பக்கம் வெறுமையாக இருப்பதையெல்லாம் சீட்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு தனிமத்தின் பெயரும் எடையும் குணமும் எழுதித் தந்தேன். ஒரு பக்கம் சோடியம், திருப்பினால் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பட்டப்படிப்பு. கூடத்துத் தரை முழுக்க நீயும் அக்காவும் பரப்பிவிடுவீர்கள். உனக்கு ஒரு சீட்டும் மிஞ்சக் கூடாது. ஹைட்ரஜன் சீட்டை லித்தியத்துக்கு மேலே வைத்து அழுத்துவாய். அக்கா அதை எடுப்பாள். "இது வாயு. அதெல்லாம் உலோகம். எப்படிடா சேரும்?" என்பாள். ஃபுளூரினுக்கு மேலே வைத்துப் பார்ப்பாள். அங்கேயும் அவளுக்குத் திருப்தி இருக்காது. கடைசியில் டிவி பெட்டி மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, "இதுக்கு எந்த ஊடும் செட் ஆவலீங்கம்மா, இங்கயே இருக்கட்டும்" என்பாள். நீ ஒப்பாரி வைப்பாய். நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தால் ஒரு ஹைட்ரஜனுக்காக இரண்டு பேரும் கட்டிப் புரண்டுகொண்டிருப்பீர்கள்.

அந்த விளையாட்டின் கதையை அன்று நான் முழுதாகச் சொல்லவில்லை. சின்னப்பிள்ளைகளிடம் என்னவென்று சொல்வது? இப்போது சொல்கிறேன். பொன்னும் வெள்ளியும் செம்பும் இரும்பும் மனிதர்களுக்கு எப்போதிருந்தோ தெரியும். பிறகு ஒவ்வொருவராக மண்ணைக் காய்ச்சி, உப்பைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சிப் புதிது புதிதாகக் கண்டுபிடித்தபோது, ஐம்பது, அறுபது என்று சேர்ந்துவிட்டது. எது எதற்கு உறவு என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஜெர்மானியர் சிலவற்றை மூன்று மூன்றாகச் சேர்த்துப் பார்த்தார். லித்தியம், சோடியம், பொட்டாசியம். குணம் ஒத்துப்போகிறது, நடுவில் இருப்பதன் எடை இரண்டு பக்கத்துக்கும் சராசரியாக வருகிறது. நல்ல கண்தான். ஆனால் மூன்றில் அடங்கியது சிலதுதான், மற்றவை வெளியே நின்றன. உன் அத்தை மடக்கிய விரல்களைப் பார்த்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

பிறகு ஓர் ஆங்கிலேயர் எல்லாவற்றையும் எடைப்படி வரிசையாக வைத்துவிட்டு, எட்டாவது எட்டாவதாக ஒரே குணம் திரும்பி வருகிறதே, ஸ்வரம் மாதிரி, என்றார். அறிஞர் சபையில் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து, பெயர்களை அகரவரிசைப்படி அடுக்கிப் பார்த்தீரா என்று கேலி பேசினாராம். அந்த மனிதர் பாவம், அவர் கண்டது பாதிக்கு மேல் உண்மை. ஆனால் அவர் ஒரு தப்புப் பண்ணினார். இனிமேல் புதிதாக ஏதாவது வரலாம் என்று ஒரு கட்டத்தைக்கூட அவர் காலியாக விடவில்லை. இருப்பதை வைத்தே முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், கோபால்ட்டையும் நிக்கலையும் ஒரே கட்டத்தில் திணித்தார். கல்யாண வேனில் ஒரு சீட்டில் இரண்டு மாமன்களை உட்காரவைத்தது போல. நீ ஹைட்ரஜனை அழுத்திய அழுத்து அதுதான் சாமி. கோபித்துக்கொள்ளாதே.

அதற்கப்புறம்தான் அந்த ருஷ்யக்காரர் வந்தார். அவரும் தனிமங்களைச் சீட்டுகளில் எழுதி, பரப்பிப் பரப்பிப் பார்த்தாராம். அந்தக் கதை கேட்டுத்தான் நான் பத்திரிகைகளை வெட்டினேன். அவர் எடையையும் பார்த்தார், எது எதனோடு எப்படிச் சேர்கிறது என்பதையும் பார்த்தார். இரண்டும் இடித்தால், குணத்தின் பக்கம் நின்றார். பொருத்தமான ஆள் இல்லாத கட்டத்தை வெறுமையாக விட்டார். விட்டதோடு இல்லாமல், இந்தக் கட்டத்துக்கு வரப்போவது இன்ன எடை, இன்ன அடர்த்தி, இன்ன குணம் என்று முன்கூட்டியே எழுதினார். கொழுப்பைப் பார்! சில வருஷங்களில் பிரான்சில் ஒருவர் காலியம் என்ற புதிய உலோகத்தைக் கண்டுபிடித்தார். அதன் அடர்த்தி கணக்கோடு ஒத்துவரவில்லை. ருஷ்யக்காரர் அங்கே எழுதி அனுப்பினார்: உங்கள் மாதிரி சுத்தமாக இல்லை, மறுபடி அளந்து பாருங்கள் என்று. அந்தப் பொருளைக் கண்ணால் பார்க்காதவர் சொல்கிறார், கையில் வைத்திருப்பவரிடம். மறுபடி சுத்தம் செய்து அளந்தார்கள். ருஷ்யக்காரர் சொன்னதுதான் சரியாக வந்தது. இந்த இடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும், பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும்.

ஆனால் வகுப்பில் நான் அதோடு மணி அடிக்க விட்டுவிடுவேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் உன்னிடம் சொல்ல வேண்டியது. டெல்லூரியம், அயோடின் என்று இரண்டு. எடைப்படி அயோடின் முன்னால் வர வேண்டும். ஆனால் அயோடின் குளோரினுடைய சொந்தம் என்பது சேர்க்கையைப் பார்த்தால் தெரிகிறது. ருஷ்யக்காரர் துணிந்து டெல்லூரியத்தை முன்னால் வைத்தார். அவர் வைத்த இடம் சரி. ஆனால் காரணம் தப்பு. டெல்லூரியத்தின் எடையை யாரோ தவறாக அளந்துவிட்டார்கள் என்று சொன்னார். எத்தனையோ பேர் திரும்பத் திரும்ப அளந்தார்கள். எடை மாறவே இல்லை. அளந்தவர்கள் சொன்ன எடையும் சரி, அவர் வைத்த இடமும் சரி. கடைசியில் ஓர் இளைஞர், எக்ஸ் கதிர்களை வைத்து, வரிசையைத் தீர்மானிப்பது எடையே அல்ல, அணுவின் நடுவே இருக்கும் மின்னூட்டம் என்று காட்டினார். அத்தனை வருஷமும் எல்லோரும் வேறு எதையோ நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தப் பையன் கொஞ்ச நாளிலேயே போருக்குப் போய்ச் செத்துப்போனான். உன் வயசுதான் இருக்கும்.

இன்னொன்று ஆர்கான். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே இருந்துகொண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்த வாயு. கண்டுபிடித்துக் கொண்டுவந்தபோது அட்டவணையில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. வெறுமையாக விட்டிருந்த கட்டங்களிலும் அது சேரவில்லை. வராத ஆட்களுக்கெல்லாம் இடம் விட்ட அந்த மகா அறிவாளியே, இது புதுத் தனிமம் இல்லை, நைட்ரஜனின் வேறு வடிவமாக இருக்கும் என்று தட்டிக்கழித்தார். பிறகு ஹீலியம், நியான் என்று அதன் சொந்தங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றபோது, ஓரத்தில் ஒரு முழுப் பத்தியையே புதிதாகச் சேர்த்தார்கள். அவரும் ஒத்துக்கொண்டார். அட்டவணை ஒன்றும் உடைந்துபோகவில்லை, ஒரு பத்தி அகலமானது, அவ்வளவுதான். அக்காவை ஆர்கான் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. யாரோடும் சேராத வாயு அது. அவள் காதில் விழுந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். நாமக்கல் தீவன ஆலை ஆய்வுக்கூடத்தில் தினமும் கால்சியம் பார்க்கிறவள், எனக்கே பாடம் எடுப்பாள்.

நேற்று நீ போனை வைத்த பிறகு இதையெல்லாம் நினைத்துக்கொண்டே மாவுக்கு அரிசி ஊறப்போட்டேன். அப்போது ஒன்று உறைத்தது. ஜெர்மானியரோ, சிரிப்புக்கு ஆளான ஆங்கிலேயரோ, ருஷ்யக்காரரோ, ஒருவராவது ஒரு தனிமத்தைக் கேட்காமல் இடம் போட்டதில்லை. எரித்துப் பார்த்தார்கள், கரைத்துப் பார்த்தார்கள், அமிலத்தில் போட்டார்கள், கதிரைப் பாய்ச்சினார்கள். வாயில்லாத பொருளிடம் கேட்கிற வழி அது. அது சொன்ன பதில் பிடிக்காதபோதுதான் தப்புப் பண்ணினார்கள். நம் வீட்டில் வாயுள்ள பெண் ஒருத்தி மாடியில் இருக்கிறாள். அத்தை அவளை ஒரு விரலில் வைக்கப் பார்த்தார். நான் மூன்று விரலிலும் தேடினேன். நீ பெங்களூரில் இருந்துகொண்டு, அக்கா நின்றே ஆக வேண்டும் என்று சீட்டை அழுத்துகிறாய். உன் பாசம் எனக்குத் தெரியாதா? ஆனால் அவளிடம் கேட்டாயா? இல்லை. நானும் கேட்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நேராகவே கேட்டேன். "கோகிலா, தம்பிக்கு இணைச்சீருக்கு நிக்க உனக்கு இஷ்டமா, இல்லியா? யாரு என்ன சொன்னாங்கன்னு பாக்காத. உன் மனசைச் சொல்லு."

ஒரு துண்டை மடித்து வைத்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "தம்பி எல்லார்த்துகிட்டயும் சண்டை போடறானுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சண்டை போட்டு வாங்கிக் குடுக்கற எடத்துல நிக்க எனக்கு வேண்டாங்கம்மா" என்றாள். சரி, முடிந்தது என்று திரும்பப் போனேன். அப்போதுதான் சொன்னாள்.

"நீங்களும் அப்பாவும் தட்டு எடுத்துக்கிட்டு ராசிபுரம் போனீங்க, மோகனூரு போனீங்க. சொந்தம் ஒறம்பரைன்னு ஒரு ஊடு பாக்கியில்லாம வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புட்டீங்க. நான் கட்டிக் குடுத்த ஊட்டுல இருந்திருந்தா எனக்கும் வந்து வெச்சிருப்பீங்கல்ல? இங்கயே இருக்கறேன், அதனால என்னைய யாருமே கூப்புடலீங்கம்மா."

சாமி, அதைக் கேட்டு நான் அழுதேன். அழுததை மறைக்கவில்லை. எங்கள் கண்ணுக்கு அது படவே இல்லை. மகள் வீட்டோடு இருக்கிறாள், வீட்டு ஆளை யாராவது பத்திரிகை வைத்து அழைப்பார்களா என்று இருந்துவிட்டோம். கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு உள்ள மரியாதையும் இல்லை, கட்டாத பெண்ணுக்கு உள்ள உரிமையும் இல்லை. அவள் ஒரு வருஷத்துக்கு மேலாக எங்கள் தலைக்கு மேலேயே அப்படி இருந்திருக்கிறாள், தினமும் காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டு.

கீழே வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்தார். "ஏனுங்க, என்ன யோசனை?" என்றேன். எழுந்து போய்க் குளித்தார். வெள்ளை வேட்டி, சட்டை, தோளில் துண்டு. "நீயும் நல்லதா ஒரு சீலை கட்டு" என்றார். தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள், குங்குமம், அவளுக்கென்று ஒரு சேலை, மேலே பத்திரிகை. மாடிக்குப் போகிற படிக்கட்டு அடுப்படிக்குப் பின்னால்தானே இருக்கிறது. அந்த வழியாகப் போகலாம் என்று நான் திரும்பினேன். "அப்புடி வேண்டாம்" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கி, கேட்டைத் திறந்து தெருவுக்குப் போய், சுற்றி வந்து படியேறினோம். எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது, இருந்தும் தட்டை என்னிடம் தரவில்லை. கதவைத் தட்டினார்.

கோகிலா திறந்தாள். எங்களைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். உடனே புரிந்துகொண்டாள். "வாங்கப்பா, வாங்கம்மா. உள்ள வாங்க" என்றாள். ஓடிப்போய்ப் பாய் விரித்தாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாங்கள் குடித்து முடிக்கும்வரை கை கட்டி நின்றாள். வேற்றூர் உறவுக்காரர்கள் வந்தால் எப்படியோ அப்படி. அப்பா தட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். "ஆவணியில நம்ம பையனுக்குக் கண்ணாலம் வெச்சிருக்குது கண்ணு. நீ வந்து எணச்சீருக்கு நின்னு, நல்லபடியா நடத்திக் குடுக்கோணும்" என்றார். அன்றைக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே மனுஷன். உன் அப்பா!

உன் பெரியத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. கோபப்படுவார், அருமைக்காரரையும் கேட்க வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். யார் பக்கம் என்று கேட்டாயே, இப்போது சொல்கிறேன், நான் என் மகள் பக்கம். நீ இனி யாரோடும் சண்டை போடாதே. கல்யாணம் ஆகி ஒரு பெண் உன் வீட்டுக்கு வரப்போகிறாள். மருமகள் என்றால் இப்படி, பெண்டாட்டி என்றால் அப்படி என்று நாங்களும் நீயும் கட்டம் போட்டு வைத்திருப்போம். அவள் அதில் அடங்காதபோது அளந்தவர் தப்பாக அளந்தார் என்று சொல்லிக்கொண்டிருக்காதே. அவளிடமே கேள். ஒரு பத்தி அகலமாவதால் நம் குடும்பம் உடைந்துபோகாது. வெள்ளிக்கிழமை நீ ஊருக்கு வரும்போது அடுப்படி வழியாக மாடிக்கு ஓடாதே. தெரு வழியாகச் சுற்றி வந்து படியேறிப் போ. கதவைத் தட்டு. கூப்பிடு.

அப்பா நீட்டிய தட்டை அவள் வாங்கிக்கொண்டாள். பத்திரிகையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பழைய பழக்கத்தில் அதைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையை நிமிர்த்தி, "வாரேனுங்கப்பா" என்றாள்.

அம்மா